எதிர் நாற்காலி காலியாக இருந்தால் என்ன?

கேள்வி: வெப்பமண்டலக் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் ஏழு நாள் தனியாகத் தங்கிவிட்டு வந்தேன். முதல் இரவு சாப்பாட்டுக் கூடத்தில் “எத்தனை பேர்?” என்று கேட்டார்கள். “ஒருவர்தான்” என்றதும் இருவர் மேசையில் உட்காரவைத்து, எதிரே இருந்த தட்டு, கரண்டி, குவளை மூன்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். சுற்றிலும் தம்பதிகள், குடும்பங்கள். அதன்பிறகு யார் கண்ணிலும் படாமல், கூட்டம் கலைந்த பின்பே சாப்பிடப் போனேன். கடலிலும் ஆளில்லாத நேரம் பார்த்தே இறங்கினேன். ஒரு மாலை, லைஃப்கார்டு போன பிறகு, அலையே இல்லாமல் அமைதியாக இருந்த ஓரிடத்தில் இறங்கியபோது கொஞ்சம் உள்ளே இழுத்துவிட்டது, எப்படியோ கரையேறினேன். யாரிடமும் சொல்லவில்லை, அது கிடக்கட்டும். மூன்றாம் நாளுக்கு மேல் பொழுதும் போகவில்லை. அறைக்கு ஏறக்குறைய இரண்டு பேருக்கான கட்டணத்தையே வாங்கினார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்குத் தனி ஆள் போவதே தவறு என்று நினைக்கிறேன். தங்கள் கருத்து என்ன?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தனியாகப் போனது தவறில்லை. யார் கண்ணிலும் படக்கூடாது என்று முடிவெடுத்தீர்களே, அதுதான் தவறு. சாப்பாட்டுக் கூடத்துக்கு நான்கு வரி எழுதிய நீங்கள் ‘அது கிடக்கட்டும்’ என்று தாண்டிப்போன அந்த மாலையை, கிடக்கட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அலையில்லாமல் அமைதியாக இருந்தது என்று நீங்கள் சொல்லும் இடம், பெரும்பாலும், அந்தக் கரையிலேயே இறங்கக்கூடாத இடமாக இருந்திருக்கும். அலைகள் ஓயாமல் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நீர் திரும்பிப் போக ஒரு வழி தேடுகிறது. கரையை ஒட்டிக் கடலுக்குள் கிடக்கும் மணல்திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ, அதன் வழியாக ஒடுங்கிய ஆறுபோல வெளியே பாய்கிறது. அங்கே ஆழம் கூடுதல் என்பதால் அலை உடைவதில்லை, வெண்ணுரை இல்லை, நீரின் நிறம் மட்டும் சற்றுக் கருத்திருக்கும். இரு பக்கமும் அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருக்க நடுவில் ஒரு பட்டை மட்டும் அடங்கிக் கிடந்தால், புதிதாக வருபவர் கண்ணுக்கு அதுவே பாதுகாப்பான துறையாகத் தெரியும். ரிப் கரண்ட் எனப்படும் இழுப்பு நீரோட்டம் இதுதான். இது கடலின் ஏற்றவற்றத்தால் வருவதும் அல்ல, ஆளைக் கீழே அமிழ்த்துவதும் அல்ல என்பதால் ‘ரிப் டைட்’ (ஏற்றவற்ற இழுப்பு), ‘அண்டர்டோ’ (அடியிழுப்பு) என்ற பழைய பெயர்களைக் கைவிட்டு இந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று பிரான்சிஸ் ஷெப்பர்ட் என்ற அமெரிக்கக் கடல் நிலவியலாளர் 1936-இல் எழுதினார். பெயரைப் பற்றிய விவாதம்தானே என்று தள்ளிவிட முடியாது. கீழே இழுக்கிறது என்று நம்புகிறவர் திகிலடைந்து கைகால்களை அடித்துத் துவண்டுபோகிறார். வெளியே மட்டுமே கொண்டுபோகிறது என்று அறிந்தவரால் மிதந்துகொண்டு யோசிக்க முடிகிறது.

இந்த நீரோட்டம் வேகமெடுக்கும்போது விநாடிக்கு 2 மீட்டருக்கு மேலும் போகும். எந்த நீச்சல் வீரரும் அதை நேராக எதிர்த்துக் கரை சேர முயலக்கூடாது. மல்லாந்து மிதக்க வேண்டும், அல்லது கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு விலகி, அலை உடையும் இடத்துக்கு வந்து அலையோடு திரும்ப வேண்டும், முடியாவிட்டால் ஒரு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். உயர்த்திய கையைப் பார்க்கக் கரையில் ஒருவர் இருக்க வேண்டுமல்லவா? நீங்களோ ஒருவரும் இல்லாத நேரத்தைத் தேடிப் போயிருக்கிறீர்கள். அதுவும் மாலையில்! வெப்பமண்டலத்தில் சூரியன் அடிவானத்தில் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், நிலநடுக்கோட்டை ஒட்டிய கரைகளில் அது மறைந்து அரை மணி நேரத்துக்குள் தண்ணீரில் இருக்கும் தலை கரையில் நிற்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

துணையோடு வந்தவருக்கு, அவர் திரும்ப நேரமானால் தேட ஓர் ஆள் உண்டு. தனியாக வந்தவர் அந்த ஆளைத் தாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அது அப்படியொன்றும் கடினமான காரியமில்லை. நீந்தப் போகும் முன் வரவேற்பு மேசையில், “கடலுக்குப் போகிறேன், ஐந்து மணிக்குள் வந்து சாவி வாங்கிக்கொள்கிறேன்” என்று சொல்லிச் சாவியை அங்கேயே கொடுத்துவிட்டால், உங்களைத் தேட ஒருவருக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. மணலில் பையை விட்டுவிட்டு நீந்திக்கொண்டே அதைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும் தொல்லையும் போகும். முதல் நாளே லைஃப்கார்டிடம் போய், இன்றைக்கு எங்கே இறங்கலாம் என்று கேளுங்கள். அவர் முகம் உங்களுக்கும் உங்கள் முகம் அவருக்கும் பழகட்டும். பல நாடுகளில் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் அவருடைய கண் இருக்கும். ஊதாக் கொடி பறந்தால் ஜெல்லிமீன் போன்ற கொட்டும் உயிரினங்கள் வந்திருக்கின்றன என்று பொருள். கொடியின் பொருள் இடத்துக்கு இடம் மாறக்கூடும் என்பதால், கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கம் வேண்டாம்.

இப்போது அந்தத் தட்டு, கரண்டி, குவளை. உங்கள் மனம் புண்பட்டதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பேசிக்கொண்டிருக்கும் ஒரு கூடத்தின் நடுவே, எதிரில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுக்கும் சத்தம் காதில் எப்படி விழும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எடுத்துப் போனவர் உங்களை எண்ணி எடுக்கவில்லை. ரிசார்ட் என்பதே இரண்டு என்ற கணக்கில் கட்டப்பட்டது: கட்டிலில் இரண்டு தலையணை, குளியலறையில் இரண்டு துண்டு, மணலில் குடைக்கு இரண்டு சாய்வு நாற்காலி, விளம்பரத்தில் ‘இருவர் ஓர் அறையில் தங்கினால் ஒருவருக்கு’ என்று சிறிய எழுத்தில் போட்ட விலை. வராத இரண்டாவது ஆளுக்கான பணத்தைத்தான் உங்களிடம் ‘தனிநபர் கூடுதல் கட்டணம்’ என்ற பெயரில் வாங்கினார்கள். இது நியாயமில்லை என்ற உங்கள் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. கூட்டம் குறைந்த பருவத்தில் கேட்டால் சில இடங்களில் குறைக்கிறார்கள், சில இடங்களில் முழுவதும் விட்டுவிடுகிறார்கள். முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு எச்சரிக்கை: பல கரைகளில் கூட்டம் குறையும் பருவமும் கடல் கொந்தளிக்கும் பருவமும் ஒன்றே.

வேறு வகையிலும் இதை நடத்தலாம் என்பதற்குச் சான்று உண்டு. 1950-இல் ஜெரார்ட் பிளிட்ஸ் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரங்களோடு தொடங்கிய கிளப் மெட் என்ற விடுமுறை விடுதி நிறுவனம், முன்பின் தெரியாதவர்களை ஒரே மேசையில் சேர்த்து உட்காரவைப்பதைத் தன் வழக்கமாகவே வைத்திருந்தது. இன்றும் பொது மேசை உள்ள விடுதிகள் இருக்கின்றன. தனியாகப் போகிறவர் நீச்சல்குளத்தின் நீளத்தை விசாரிக்கும் முன் அதை விசாரிக்கலாம். பொது மேசை இல்லையென்றால், எல்லோரும் சாப்பிடும் நேரத்திலேயே போய், கடலைப் பார்த்த நாற்காலியாகக் கேட்டு வாங்கி உட்காருங்கள். ஆறின உணவும் துடைத்துக் கவிழ்த்த நாற்காலிகளுமாகக் கடைசியில் சாப்பிட்ட ஐந்தாறு இரவுகளைவிட அது நிச்சயம் நன்றாக இருந்திருக்கும்.

தனிமையின் சங்கடம் வெட்கத்தில் மட்டும் இல்லை, தோலிலும் இருக்கிறது. முதன்முதல் தனியாகக் கடற்கரைக்குப் போனபோது, நான் கை, கழுத்து, தோள் எல்லாம் சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டு, முதுகின் நடுவில் கை எட்டாத உள்ளங்கை அகல இடத்தை விட்டுவிட்டேன். இரண்டாம் இரவு அந்த இடம் மட்டும் சிவந்து எரிந்து, குப்புறப் படுத்தே விடிய வேண்டியிருந்தது. விரல்கள் இழுபட்டு நின்ற எல்லை ஒரு வாரம் வரை தோலில் கோடாகத் தெரிந்தது. வெப்பமண்டலத்தில் நண்பகலில், வெயிலின் புற ஊதாக் கதிர்களின் கடுமையைக் காட்டும் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம், அந்த அளவை உலக சுகாதார நிறுவனம் ‘மிக அதீதம்’ என்ற கடைசி வகையில் வைக்கிறது. உலர்ந்த மணல் அந்தக் கதிர்களில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் உள்ளதில் சுமார் 40 சதவீதம் இருக்கிறது. ஆகவே தண்ணீருக்குள் இருப்பதால் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று இருந்தால் முதுகுக்கு இன்னொருவர் கை தேவைப்படாது.

மூன்றாம் நாளுக்கு மேல் பொழுது போகவில்லை என்கிறீர்கள். எல்லோரும் உண்டு, குளித்து, உறங்கும் நேரங்களை ஒட்டியே உங்கள் நாளையும் வகுத்துக்கொண்டு, அவர்களைத் தவிர்த்தும் வந்தால் மிஞ்சுவது சலிப்புத்தான். கடலின் நேரம் வேறு. ஏற்றவற்றம் பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இருமுறை வந்து, நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளித் தள்ளிப் போகிறது. குழந்தைகளின் தூக்கத்தையும் துணையின் விருப்பத்தையும் பார்க்க வேண்டிய குடும்பம் அதைப் பின்தொடர முடியாது, உங்களால் முடியும். நீர் வற்றும் நேரத்தை வரவேற்பு மேசையில் கேட்டுக்கொண்டு, பகலில் வெறும் காலோடு நடந்து பாருங்கள். இந்தியப் பெருங்கடல், மேற்குப் பசிபிக் கரைகளில் ஈரமணல் வெளியெங்கும் கடுகும் மிளகுமான அளவில் மணல் உருண்டைகள், ஒரு சிறு துளையிலிருந்து கதிர் கதிராக விரிந்து கிடப்பதைக் காணலாம். விரல் நகமளவே உள்ள ஒரு நண்டு மணலை வாயில் அள்ளி, அதில் ஒட்டியிருக்கும் நுண்ணிய உணவை மட்டும் சலித்தெடுத்துவிட்டு மீதியை உருட்டி வைத்தவை அவை. உங்கள் காலடி அதிர்ந்தால் துளைக்குள் போய்விடும். அசையாமல் சில நிமிடம் குந்தியிருந்தால் வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். அடுத்த ஏற்றத்தில் அத்தனையும் கரைந்துவிடும். அந்தச் சில நிமிடம் பேசாமல் இருக்கக் கூட்டமாக வந்தவர்களால் எளிதில் முடிவதில்லை.

அடுத்த முறை போவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். அதற்கு முன் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். தண்ணீர் இழுத்தபோது கரை எவ்வளவு தூரத்தில் தெரிந்தது, எவ்வளவு நேரம் போராடினீர்கள், கரையேறியபின் அறைக்கு எப்படி நடந்து வந்தீர்கள் என்பதையெல்லாம், கொஞ்சம் என்று சுருக்காமல், உங்கள் வீட்டில் ஒருவரிடம் இந்த வாரமே உட்கார்ந்து சொல்லுங்கள்.