மூன்று பயிற்சியாளர்கள், ஒரு முழங்கால்: யாரைத் தெரிவு செய்வது?

முல்லைத்தீவு மாவட்டம் முள்ளியவளைப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

“எனக்கு 43 வயது. முன்பள்ளி ஆசிரியை. நாலு வருடமாகச் சீனி வருத்தம். மெட்ஃபோர்மினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறேன். 2009 இல் பட்ட ஷெல் துண்டு ஒன்று இடது தொடையில் இன்னும் இருக்கிறது. அந்தக் கால் முழங்காலும் நோகும். நிறை 78 கிலோ. கிளினிக்கில் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். தனியாக ஒரு பயிற்சியாளரைப் பிடி, காசு நான் தருகிறேன் என்று கனடாவிலிருக்கும் அண்ணா சொல்கிறார். மூன்று பேரை விசாரித்து வைத்திருக்கிறேன். ஒருவர் டவுனில் ஜிம் வைத்திருப்பவர், ஆணழகன் போட்டிகளில் வென்றவர். அடுத்தது வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் ஒரு பெண்பிள்ளை, கொழும்பில் படித்தவர். மூன்றாமவர் கனடாவிலிருந்து வீடியோவில் பயிற்சி கொடுப்பவர், அண்ணாவுக்குத் தெரிந்தவர். யாரைப் பிடிப்பது? 17 வயது மகனும் ஜிம்முக்குப் போகக் கேட்கிறான்.”

சகோதரி, மூன்று பேருடனும் நீங்கள் கதைத்திருக்கிறீர்கள். அவர்களில் யாராவது நீங்கள் எடுக்கும் குளிசையின் பெயரைக் கேட்டார்களா? உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு முதலில் வந்த கேள்வி அதுதான். கேட்டவர் இருந்தால் அவர் பக்கம் எனக்கு உடனேயே ஒரு நம்பிக்கை வந்துவிடும். கேட்காமலே, “திங்கட்கிழமை வாங்கோ, தொடங்குவம்” என்று சொன்னவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

காரணம் கிளிக்லசைட். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்கு உடற்பயிற்சியால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிக்லசைட் அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதே நேரம் வேலை செய்கிற தசை இரத்தத்திலிருக்கும் சீனியை இழுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் சீனி சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும். நம்முடைய வெயிலில் பயிற்சி செய்யும்போது இவை எல்லாம் களைப்பென்றே தெரியும். “வியர்க்கட்டும், கொழுப்புக் கரையுது” என்று பக்கத்தில் நிற்பவர் உற்சாகப்படுத்திக்கொண்டே இருப்பார். அதுதான் எனக்குப் பயம். விடிய வெறும் வயிற்றோடு வந்து ஓடச் சொல்லும் பழக்கமும் பல ஜிம்களில் இருக்கிறது. உங்களுக்கு அது கூடாது.

குளுக்கோமீற்றர் இருந்தால் தொடங்குமுன் குத்திப் பாருங்கள். 90 மி.கி./டெ.லீ. இற்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ ஒரு துண்டுப் பாணோ சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். இடையில் 70 இற்குக் கீழே போனால் பயிற்சியை நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். பயிற்சி தொடங்கப்போகிறீர்கள் என்பதைக் கிளினிக் வைத்தியரிடமும் சொல்லுங்கள். குளிசையின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்றக்கூடும். அதைப் பயிற்சியாளர் மாற்றக் கூடாது. கிளினிக் கொப்பியைப் பயிற்சியாளருக்குக் காட்டுங்கள், அவர் அதை என்ன செய்கிறார் என்று பாருங்கள். வாங்கிப் புரட்டி, தெரியாத பெயரை எழுதிக்கொண்டு, “இதை விசாரித்துவிட்டு வருகிறேன்” என்று சொல்பவர் நல்ல பயிற்சியாளர். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது இந்த வேலையில் பெரிய தகுதி.

(இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு சொல். உங்களுக்குச் சீனியோ பிரஷரோ இருக்கிறதா என்றே தெரியாவிட்டால், 35 வயதைத் தாண்டியவர்கள் அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பயிற்சியாளரைத் தேடுமுன் அங்கே ஒருமுறை போய் வாருங்கள்.)

அடுத்தது ஷெல் துண்டு. வன்னியில் பயிற்சி கொடுக்க வருகிற எவரும் இதைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. எத்தனையோ பேர் உடம்பில் இரும்போடு நடமாடுகிறார்கள். பல வருடமாக ஓரிடத்தில் கிடக்கும் துண்டைச் சுற்றித் தழும்புத் திசு கட்டியிருக்கும். அநேகமாக அது பயிற்சிக்குத் தடையாக இராது. ஆனால் அந்த இடத்தில் மரத்துப்போகிறதா, மின்சாரம் பாய்ந்த மாதிரி இழுக்கிறதா, காலை மடக்கும்போது ஏதாவது குத்துகிறதா என்று உங்களிடம் கேட்டறிய வேண்டும். அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கவோ மசாஜ் மெஷின் பிடிக்கவோ விடாதீர்கள். புதிதாக வீக்கமோ சிவப்போ வந்தால் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினால், படுக்குமுன் இந்தத் துண்டைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். அது கட்டாயம்.

உடம்புக் காயத்தோடு இன்னொன்றும் உண்டு. சில ஜிம்களில் பாட்டை உச்சத்தில் வைத்திருப்பார்கள், இரும்பை நிலத்தில் ‘டமார்’ என்று போடுவார்கள், “விடாதே, இன்னும், இன்னும்!” என்று காதுக்குள் கத்துவார்கள். வேறு ஊரில் அது உற்சாகமாக இருக்கலாம். இங்கே அந்தச் சத்தத்துக்கு உடம்பு பதறிப்போகும் ஆட்கள் நிறையப் பேர். நீங்கள் அப்படியென்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதைக் கேட்டுச் சிரிப்பவரிடம் போகவே வேண்டாம்.

சரி, தகுதிக்கு வருவோம். ஆணழகன் பட்டம் பெரிய உழைப்பு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் தன்னுடைய உடம்பை வளர்க்கத் தெரிந்தவர் என்பதைத்தான் அது காட்டும். சீனியும் முழங்கால் நோவும் உள்ள 43 வயதுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியுமா என்பது வேறு விஷயம். உங்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஆம் என்றால், அவர்களில் ஒருவரோடு கதைக்கலாமா என்று கேளுங்கள். கொழும்பில் படித்த பிள்ளையிடம் எங்கே, எவ்வளவு காலம், செய்முறைப் பரீட்சை இருந்ததா என்று கேளுங்கள். தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகத்தின் டிப்ளோமாவோ, சப்ரகமுவ, ஸ்ரீ ஜயவர்த்தனபுர போன்ற பல்கலைக்கழகங்களின் விளையாட்டு விஞ்ஞானப் பட்டமோ என்றால் அடித்தளம் உறுதி. ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம்., ஏ.சி.எஸ்.எம். போன்ற வெளிநாட்டுச் சான்றிதழ் என்றால், அது இப்போதும் செல்லுபடியாகிறதா என்று அந்தந்த நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) என்றால் எத்தனையாம் மட்டம், எந்தத் துறையில் என்று கேளுங்கள். இரண்டு நாள் வகுப்பின் சான்றிதழ் மட்டும் போதாது. எந்தச் சான்றிதழ் இருந்தாலும் முதலுதவி தெரியுமா, மயங்கி விழுந்தால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கத் தெரியுமா என்பதையும் கேளுங்கள்.

இவ்வளவு கேட்டும் தெரியாதது முதல் நாளில் தெரியும். நல்ல பயிற்சியாளர் முதல் நாள் உங்களைக் களைக்க வைக்க மாட்டார், பார்த்துக்கொண்டிருப்பார். உதாரணத்துக்கு விறாந்தையில் ஒரு கதிரையைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்கே கட்டச் சொல்லி, 30 செக்கனில் எத்தனை தடவை எழுந்து இருக்கிறீர்கள் என்று எண்ணுவார். எண்ணிக்கையைவிட முக்கியமானது அவருடைய கண் எங்கே நிற்கிறது என்பது. எழும்பும்போது வலது காலில் சாய்ந்து எழும்புகிறீர்களா? இடது முழங்கால் உள்பக்கம் விழுகிறதா? குதிக்கால் நிலத்தை விட்டுக் கிளம்புகிறதா? இருக்கும்போது மெதுவாக இருக்கிறீர்களா, தொப்பென்று விழுகிறீர்களா? முன்னுக்கு நின்று பார்ப்பார், அப்புறம் பக்கவாட்டில் வந்து நிற்பார். ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுவார். அதே கதிரையில், கொஞ்சம் உயரமாக ஒரு தலையணையை வைத்து, நோ இல்லாமல் எழும்ப முடிகிறதா என்று திரும்பவும் பார்ப்பார். உங்கள் பயிற்சி தொடங்க வேண்டிய இடம் அந்த உயரம். அங்கிருந்து கிழமை கிழமையாகத் தலையணையைக் குறைத்துக்கொண்டு வரலாம். முதல் நாளே ஐம்பது தடவை குந்தி எழும்பச் சொல்கிறவருக்கு உங்கள் முழங்காலைக் கொடுக்காதீர்கள்.

செருப்பையும் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்ப்பாரானால் அவரை விடாதீர்கள். சீனி வருத்தத்தில் பாத உணர்ச்சி குறையலாம். கல் குத்தியது தெரியாமலே புண் வந்துவிடும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வெறுங்காலோடு நடந்து போகும் வழக்கம் உங்களுக்கும் இருந்தால், போய் வந்த அன்றே விரலிடுக்கு வரை வெளிச்சத்தில் பாருங்கள். பயிற்சிக்கும் நடைக்கும் மூடிய சப்பாத்தே வேண்டும். பொய்க்கால் போடுகிறவர்களுக்கும் இதே கவனம் தேவை. பயிற்சி முடிந்ததும் காலைக் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு கொஞ்ச நேரத்தில் போகாவிட்டால் அடுத்த பயிற்சிக்குமுன் பொய்க்காலின் பொருத்தத்தைச் சரிபார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் மூவர். வீடியோப் பயிற்சியாளரை நான் தொடக்கத்துக்குச் சொல்ல மாட்டேன். நேர வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை என்றாலும் (டொராண்டோ நேரத்தைச் சொல்கிறேன்) அதைச் சமாளிக்கலாம். கதிரையில் நீங்கள் எந்தக் காலில் சாய்கிறீர்கள் என்பதை ஒரு கைத்தொலைபேசியின் கண்ணால் பிடிப்பது கஷ்டம். சீனி இறங்கி நீங்கள் சரிந்தால் அவரால் திரையில் பார்க்க மட்டுமே முடியும். அசைவுகள் பழகி, குளிசை அளவும் சரிப்பட்ட பிறகு, வேண்டுமென்றால் அவரிடம் போகலாம்.

ஜிம்காரரும் வீட்டுக்கு வரும் பிள்ளையும் என்றால், மேலே சொன்னதையெல்லாம் கேட்டுச் சமமாக வந்தால் நான் அந்தப் பிள்ளையைத்தான் சொல்வேன். ஒன்று, உங்களுக்குத் தேவையான பயிற்சிக்குக் கதிரை, சுவர், இழுவைப் பட்டி, இரண்டு தண்ணீர்ப் போத்தல் போதும். இரண்டு, பள்ளி முடிந்து டவுனுக்கு பஸ் ஏறிப் போய் வரும் பயணமே பலரை இரண்டாம் மாதம் நிற்பாட்டிவிடுகிறது. மூன்று, உடுப்பு, தொடுகை பற்றிய கூச்சம் இல்லாமல் செய்வீர்கள். பெண் என்றாலும் உங்கள் நாரியையோ முழங்காலையோ பிடித்துத் திருத்துமுன் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். உங்களைப் படமெடுத்து முகப்புத்தகத்திலோ டிக்டொக்கிலோ போடக் கூடாது என்பதை முதலே சொல்லிவிடுங்கள். ஜிம்மையே விரும்பினால், பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்று கேட்டு, அந்த நேரத்திலேயே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அண்ணாவின் காசை ஒரேயடியாக ஆறு மாதத்துக்குக் கட்டாதீர்கள். ஒரு மாதம் பாருங்கள். கிழமையில் இரண்டு நாள் பயிற்சியாளர் வந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவும், இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும். தசைக்கானதற்கு அவர் வரட்டும். மீதியை நீங்களே நடக்கலாம். காலை ஏழு மணிக்குமுன் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு, கதைக்க முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடவுங்கள். அட்டெனலோல் போன்ற பிரஷர் குளிசை எடுக்கிறவர்களுக்கு நாடித்துடிப்பு வழமைபோல ஏறாது. அதனால் அவர்களுக்கும் இந்தக் கதைத்துப் பார்க்கும் முறைதான் நம்பகமானது.

அந்த ஒரு மாதத்தில் கவனிக்க வேண்டியது இதுதான். பயிற்சிக்கு அடுத்த ஓரிரு நாள் தசை நோவது வழமை, அது தானாகப் போகும். மூட்டுக்குள் நோ, வீக்கம், நாளுக்கு நாள் கூடும் நோ என்றால் அவர் பயிற்சியை மாற்ற வேண்டும். “நோகாமல் ஒன்றும் வராது” என்று தொடர்ந்தால் ஆளை மாற்றுங்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மாதத்தில் பத்துக் கிலோ குறைப்பேன் என்பவரை நம்பாதீர்கள். கிழமைக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைவது நல்ல வேகம். உங்கள் 78 இல் நாலு கிலோ போனாலே சீனியில் வித்தியாசம் தெரியும். முழங்காலுக்கோ இன்னும் லாபம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நாலு கிலோ குறைகிறது.

மகன் போகட்டும். பாரம் தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்பது பொய். முறை தெரிந்தவர் பக்கத்தில் நின்று, பாரத்தைப் படிப்படியாகக் கூட்டினால் 17 வயதுக்கு நல்லது. நீங்கள் விசாரித்த ஜிம்காரர் அவனுக்குப் பொருத்தமாக இருக்கலாம். ஆனால் அவர் தசை வளர்க்கும் மா (புரோட்டீன் பவுடர்) விற்கிறாரா என்று பாருங்கள். லேபல் இல்லாத டின்னிலோ பையிலோ கட்டித் தரும் புரத மா, “சும்மா விட்டமின்தான்” என்று போடும் ஊசி, இரண்டுக்கும் உறுதியாக வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஊசி ஸ்டீரொய்டாக இருந்தால் இந்த வயதில் வளர்த்தியையே பாதிக்கும். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இருக்கிறது. அதனால் நல்ல கம்பனி மாவென்றாலும் தொடங்குமுன் இரத்தத்தில் கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எண்) பார்த்துவிடுவது நல்லது. கிரியற்றின் என்ற, தசைக்காக எடுக்கும் வேறொரு மாவை ஏற்கெனவே எடுக்கிறான் என்றால் அதைப் பரிசோதிப்பவரிடம் சொல்ல வேண்டும், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்த எண் கூடிக் காட்டும். தசை நோவுக்கு டைக்குளோஃபெனக் வாங்கிப் போடும் பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள், வெயிலில் வியர்த்த உடம்புக்கு அது சிறுநீரகத்தில் கூடாது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது, நூறு கிராம் அவிக்காத உலர் பயறில் 24 கிராம் வரை இருக்கிறது. இரண்டு அவித்த முட்டையும் ஒரு கோப்பை அவித்த பயறும் காலையில் அவனுக்குக் கொடுங்கள்.