உள்ளூர் விடுதி வரியைச் சுற்றுலா விளம்பரத்துக்குச் செலவிடுவது நியாயமா?

நீங்கள் விடுதி நடத்துபவர் என்று கருதிக்கொண்டு எழுதுகிறேன். நியாயம்தான், ஆனால் அந்த வரியை விதிக்கும் முறையில் எனக்குத் தீராத மனக்குறை உண்டு.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், ஜோர்ஜ் டவுன் நகரின் லிட்டில் இந்தியாவுக்கு அருகே ஒரு சிறிய விடுதியின் முகப்பில் பல ஆண்டுகள் பணியாற்றினேன். 2014 ஜூனில், அறைக்கு இரவொன்றுக்கு மூன்று நட்சத்திரம் வரையுள்ள விடுதிகளில் 2 வெள்ளியும் (ரிங்கிட்) நான்கு, ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் 3 வெள்ளியும் மாநில அரசு வசூலிக்கத் தொடங்கியது. அதற்கு முகம் சுளித்தவர்கள் குறைவு. 2017 செப்டம்பரில் கூட்டரசின், அதாவது மத்திய அரசின், சுற்றுலா வரி வந்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. நட்சத்திரத் தகுதிக்கேற்ப இரண்டரை வெள்ளி முதல் 20 வெள்ளி வரை என்று முதலில் அறிவித்துவிட்டு, பிறகு மலேசியர்களுக்கு விலக்களித்து, வெளிநாட்டவருக்கு எந்த அறையானாலும் இரவுக்கு 10 வெள்ளி என்று ஒரே அளவாக்கிவிட்டார்கள். 600 வெள்ளி அறையில் தங்குபவருக்கு அது ஒரு பொருட்டல்ல. எங்களிடம் 70 வெள்ளிக்கு அறை எடுப்பவருக்கோ அது வாடகையில் ஏழில் ஒரு பங்கு.

இணையத்தில் முழு வாடகையையும் கட்டிவிட்டு நள்ளிரவில் வந்து சேர்ந்த ஒரு முதிய தம்பதியிடம், கடப்பிதழைச் சரிபார்த்தபின் நான்கு இரவுகளுக்கு 40 வெள்ளி கேட்டேன். முன்பதிவுத் தாளை மேசைமேல் விரித்து, "இதில் அப்படி ஒன்றும் இல்லையே" என்று அந்த அம்மா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினார். அரசு அறிவிப்பைப் படித்துக் காட்டிய பிறகே பணம் தந்தார்கள். ஆயினும் மறுவாரம் எங்கள் விடுதி மறைமுகக் கட்டணம் பறிப்பதாக இணையத்தில் எழுதியிருந்தார்கள். அரசுக்குப் போன பணத்துக்கு எங்கள் பெயர் கெட்டது. 2023 முதல் முன்பதிவுத் தளங்களே அந்த வரியை வசூலிக்க வேண்டும் என்றான பின்னரே இத்தகைய வாக்குவாதம் குறைந்தது.

வரி என்றாலே விடுதிக்காரர்கள் புலம்புவார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். நான் வரியை எதிர்க்கவில்லை. ஜோர்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் என்றாலும், அதை வெளிநாடுகளில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். பத்து அறை வைத்திருப்பவரால் தனியாக அதைச் செய்ய இயலாது. ஆனால் அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரம் அமைந்துள்ள ஆரஞ்சு கவுண்டியில் சுற்றுலா வரியை அறை வாடகையில் 6 விழுக்காடாகவே வாங்குகிறார்கள். அக்கணக்கில் எங்கள் 70 வெள்ளி அறைக்கு 4 வெள்ளி 20 காசுதான் வரும். உங்கள் ஊரில் இப்படியொரு வரி பேச்சளவில் இருக்குமானால், அதை விழுக்காட்டில் விதிக்கவும் முன்பதிவு விலையிலேயே சேர்த்துக் காட்டவும் இப்போதே வலியுறுத்துங்கள்.