பார்மசியில மருந்து மாறிப் போறத பத்தி ஸ்டடி பண்ண ப்ரபோசல் எப்படி எழுதறது?

ஆஸ்பத்திரி பார்மசியில மருந்து மாறிப் போகுது, ஸ்டடி பண்ண மேனேஜ்மென்ட்கிட்ட எப்படி கேக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு தலைப்புல "ஊழியர் கவனக்குறைவு"ன்னு போட்டுடாதீங்க, போட்டா ஒருத்தரும் வாய தொறக்க மாட்டாங்க.

ரெண்டாம் உலகப்போர்ல பி-17 குண்டுவீச்சு விமானம் ஓட்டுன பைலட்டுங்க தரையிறங்கினதும் ஃபிளாப்புக்கு (றெக்கையோட பின்பக்க மடிப்பு) பதிலா சக்கரத்த மடக்கிட்டு இருந்தாங்க, அல்ஃபோன்ஸ் சப்பானிஸ்ங்கற சைக்காலஜிஸ்ட் போய் பாத்தா ரெண்டு கன்ட்ரோலும் பக்கத்து பக்கத்துல ஒரே மாதிரி இருக்கு, சக்கரத்துக்கான கன்ட்ரோல்ல குட்டி ரப்பர் சக்கரம் மாட்டினாங்க, கை வச்சாலே தெரிஞ்சுடும். தப்பு ஆள்கிட்ட இல்ல, கன்ட்ரோல வச்சிருந்த விதத்துல. அதே மாதிரி உங்க ராக்குலயும் சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் 500ம் 1000ம் ஒரே கலர் அட்டையில ஒட்டி ஒட்டி இருக்கான்னு போய் பாருங்க, போட்டோ எடுத்து ப்ரபோசல் முதல் பக்கத்துலயே வைங்க.

அளவுகோல் ரொம்ப முக்கியம். மாசத்துக்கு 12 தப்புன்னு மட்டும் சொன்னா அர்த்தமே இல்ல, ஊழியருங்க மொத்தம் எத்தனை தடவை மருந்து எடுத்துக் கொடுத்தாங்களோ அதால வகுக்கணும், உதாரணத்துக்கு 4000 தடவைக்கு 12ன்னா 0.003, அமெரிக்க அணுமின் நிலையங்களுக்காக 1983ல ஸ்வெய்னும் கட்மனும் போட்ட, மனுஷங்க தப்பு பண்ற வாய்ப்ப கணிக்கற தெர்ப் (THERP) கையேடும் இந்த கணக்குல தான் நிக்குது.

ரிஜிஸ்டர மட்டும் நம்பாதீங்க, பயத்துல பாதி எழுதவே மாட்டாங்க. கவுன்ட்டர்ல கவர் கை மாறறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் சீட்டோட சரிபாக்கட்டும், தப்பு இருந்தா அங்கயே திருத்திடலாம், டைம், கூட்டம், எந்த மருந்து, நடுவுல போன் வந்துச்சான்னு குறிச்சுக்கங்க, ஊழியர் பேரு மட்டும் வேண்டாம். எதிக்ஸ் கமிட்டி அனுமதியும் மறக்காம வாங்கிடுங்க.