நூற்றைம்பது வருசத்தில் எதை வெட்டுவது?
திருகோணமலையில் நடக்கும் ஒல்லாந்த (டச்சு) வணிகர் நாவலை 1639 முதல் 1795 வரை அப்படியே படமாக்கினால் ஆறு மணி நேரம் ஓடும், எதை வெட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். 1782ஐ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சனவரியில் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பறித்தார்கள். ஒரே வருசத்தில் கொடி இரண்டு தரம் மாறிய துறைமுகம் இது!

நாவலில் ஓரமாக வரும் தமிழ்க் கணக்கப்பிள்ளையை நாயகனாக்குங்கள். அவர் பேரேட்டில் எசமானின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கட்டும். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய செப்டெம்பர் 3 கடற்சண்டையைக் கோணேசர் மலையில் நிற்கும் சனங்களின் முகத்தில் காட்டினால் போதும், செலவும் குறையும்.

அப்புறம், திருகோணமலைக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. அனுமதியை முதலில் கேளுங்கள். போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்களால் எழுந்த கோட்டை அது. அந்தக் கற்களைக் காட்டும் காட்சியை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.