வகுப்பில் கட்சி அரசியல் பேசலாமா? கேள்வி பதில்

26 வருடம் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். நான் யாருக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள், என் வீட்டுக்காரருக்கே சொன்னதில்லை.

டீச்சர், 9ஆம் வகுப்புக்கு இந்த வருடம்தான் முதல்முறையாகப் போகிறேன். தேசியக் கட்சி, மாநிலக் கட்சி, அங்கீகாரம் எல்லாம் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் கொள்கையில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நானே திணறுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

கட்சி பிரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு கட்சி எதை நம்புகிறது என்பது அது உடையும்போதுதான் வெளியே தெரியும். நான் கரும்பலகையில் 1944 என்று மட்டும் எழுதுவேன். அந்த வருடம் சேலம் மாநாட்டில், பெரியார் தலைமையில் இருந்த நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. கீழே 1949. செப்டம்பர் மாதம் சென்னை ராயபுரம் ராபின்சன் பூங்காவில், அண்ணா தொடங்கிய தி.மு.க.வின் தொடக்க விழாக் கூட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுவிட்டு, "அப்பாவோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் போனார்கள், ஏன்?" என்று கேட்பேன். பெரியாருக்கும் மணியம்மையாருக்கும் நடந்த திருமணத்தை யாராவது ஒருவர் சொல்லிவிடுவார், வீட்டில் கேட்டிருப்பார்கள். சரி, அது உடனடிக் காரணம், அப்புறம் என்ன என்று விடாமல் கேட்க வேண்டும். திராவிடர் கழகம் தேர்தலில் நிற்காது, தி.மு.க. 1957இல் நின்று 15 இடம் பிடித்தது. பெரியார் கடவுள் இல்லை என்றார், அண்ணா 'ஒன்றே குலம், ஒருவனே தேவன்' என்று திருமூலரை எடுத்துக்கொண்டார். அடுத்து 1963. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று வேட்பாளர் உறுதிமொழி எடுக்க வேண்டும் என அரசியலமைப்பில் 16ஆவது திருத்தம் வந்தது, தி.மு.க. தனித் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. கொள்கை மாறும், மாறியதற்குக் காரணமும் தேதியும் உண்டு என்பது இந்த ஒரு கோட்டிலேயே பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும். 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்ததையும் இதே மாதிரி எடுக்கலாம்.

இடதுசாரி, வலதுசாரி என்று ஒரு கோடு போட்டு எல்லாக் கட்சியையும் அதில் வைத்துக் காட்டலாமா?

வைத்துப் பாருங்கள், மாட்டிக்கொள்வீர்கள். அந்தச் சொற்கள் 1789இல் பிரான்ஸ் சபையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து வந்தவை. நம் ஊரில் மொழி, சாதி, மாநில உரிமை என்று வேறு அளவுகோல்கள் இருக்கின்றன. 1967 தேர்தல் கூட்டணியை எடுத்துக்கொள்ளுங்கள். தொழில் செய்ய எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி கேட்கிற 'லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யம்' வேண்டாம் என்ற ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டும் தி.மு.க.வோடு ஒரே பக்கம் நின்றார்கள். உங்கள் கோட்டில் அதை எங்கே வைப்பீர்கள்? கொள்கை வேறு, தொகுதி உடன்பாடு வேறு என்று சொல்லித்தர இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

செய்முறையாக ஏதாவது சொல்லுங்கள் மேடம். பி.எட். பயிற்சிக்குப் போகிறேன், பாடத்திட்டம் எழுத வேண்டும்.

மூன்று கட்சிகளின் தேர்தல் அறிக்கையிலிருந்து ஆளுக்கு இரண்டு பக்கம் நகல் எடுத்து, கட்சிப் பெயர், தலைவர் பெயர், சின்னம் எல்லாவற்றையும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அடித்துவிட்டு, எது யாருடையது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நான் முதல் தடவை செய்தபோது கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பெயரைப் படித்துவிட்டான், அதனால் அடித்த தாளை மறுபடி நகல் எடுத்துக் கொடுங்கள். முக்கால்வாசிப் பேர் தப்பாகத்தான் சொன்னார்கள். "எல்லாம் ஒரே கட்சி எழுதின மாதிரி இருக்கு டீச்சர்" என்று ஒரு பெண் சொன்னாள். அன்றைக்குப் பாடம் அங்கேதான் தொடங்கியது. இலவசம் பற்றிய பக்கங்களைத் தள்ளிவிட்டு மொழி, கல்வி, மாநில உரிமை பற்றிய பக்கங்களை மறுநாள் கொடுத்தேன், சட்டென்று பிரித்துவிட்டார்கள்.

1967இல் தி.மு.க. அரிசிக்காகச் சொன்ன 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற முழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லட்சியம் எது, வாக்குறுதி எது என்று ஒரே வரியில் இருக்கிறது.

எல்லாக் கட்சியும் ஒன்றுதான் என்று என் மகன் சொல்கிறான். என்ன பதில் சொல்வது?

ஒரு விதத்தில் அவன் சொல்வது சட்டப்படியே சரி! மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவைக் காட்டுங்கள். பதிவு செய்ய வரும் கட்சி எதுவானாலும் சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகியவற்றுக்கு விசுவாசமாக இருப்போம் என்று தன் விதிகளில் எழுதித்தர வேண்டும். பா.ஜ.க.வும் எழுதியிருக்கிறது, கம்யூனிஸ்டுகளும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே விதிப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஆட்சிக்கு வந்ததும் முதலில் எதைச் சட்டமாக்கினார்கள் என்று தேடச் சொல்லுங்கள். அண்ணா அரசு புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது, 1968 ஜனவரியில் தமிழும் ஆங்கிலமும் போதும் என்ற இருமொழித் தீர்மானம் போட்டது. எதை நம்பினார்கள் என்பது அதில் இருக்கிறது.

பெற்றோர் புகார் செய்தால்?

எனக்கு நடந்திருக்கிறது. பழைய பள்ளி ஒன்றில் நான் ஒரு கட்சிக்குப் பிரசாரம் செய்வதாக ஒரு அப்பா தலைமையாசிரியரிடம் போய்விட்டார். நோட்டை வாங்கிப் பார்த்தால் அந்த வாரம் ஒரே கட்சியைப் பற்றித்தான் எழுதவைத்திருந்தேன், மற்றது அடுத்த வாரத்துக்கு. தப்பு என்னுடையதுதான். அதற்குப் பிறகு ஒரே பீரியடில் குறைந்தது இரண்டு கட்சி. ஒவ்வொன்றையும் அந்தக் கட்சிக்காரர் கேட்டால் "ஆமாம், இதுதான் நாங்கள்" என்று தலையாட்டுகிற மாதிரி முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் எதிர்த்தரப்பின் விமர்சனம்.

6ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியுமா அக்கா?

கொள்கை வேண்டாம், சின்னம் போதும். காங்கிரசின் இரட்டைக் காளை, பசுவும் கன்றும், கை மூன்றையும் வரையச் சொல்லுங்கள். ஏன் மாறியது என்று அவர்களே கேட்பார்கள்.