இறக்கத்தில் நியூட்ரல் போடலாமா? - வாசகர் கேள்விகளுக்கு ஓட்டுநர் பதில்கள்

(நீலகிரி மலைப் பாதையில் 27 ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர், இப்போது ஓட்டுநர் பயிற்சி அளிக்கிறார்.)

கேள்வி: ஊட்டியிலிருந்து இறங்கும்போது காரை நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார்கள் நண்பர்கள். நானும் அப்படித்தான் இறங்குகிறேன். பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. இதில் தப்பு உண்டா? - வாசகர், திருப்பூர்

பதில்: உண்டு. தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

வண்டி கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இன்ஜின் அதை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரல் போட்டதும் அந்தப் பிடி விட்டுப்போகிறது; மொத்த பாரமும் பிரேக் தலையில் விழுகிறது. ஓடுகிற வேகத்தைச் சூடாக மாற்றித்தான் பிரேக் வண்டியை நிறுத்துகிறது. குன்னூரிலிருந்து பர்லியார் தாண்டி கல்லாறு வரை வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு ஆற நேரம் ஏது? முதலில் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடின் பிடிமானம் குறையும். இன்னும் சூடேறினால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும். அப்புறம் பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்கிறீர்கள். கடைசி வளைவுக்கு முந்தைய வளைவு வரைகூட நன்றாகத்தான் பிடிக்கும்.

ஒரு மே மாதம் கல்லாறில் டீ குடிக்க நின்றேன். ஒரு கார் வந்து ஓரம் கட்டியது. முன் சக்கரங்கள் இரண்டிலும் புகை, கருகிய ரப்பர் மாதிரி ஒரு நெடி. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள். ஓட்டி வந்தவர் பாட்டில் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன், பழுக்கக் காய்ந்த டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் அது கோணிப்போகும், விரிசலும் விடலாம். "பெடலை ஒரு தடவை மிதித்துப் பாருங்கள்" என்றேன். மிதித்தார். தரை வரை போனது. அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பிரேக் ஆறட்டும் என்று முக்கால் மணி நேரம் உட்கார வைத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தோம். அவரும் உங்களைப் போல பெட்ரோல் மிச்சம் பிடிக்கத்தான் நியூட்ரலில் வந்திருக்கிறார்.

அந்த மிச்சமும் கிடையாது. அது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்ற வைக்கும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் ஓட அதற்குப் பெட்ரோல் வேண்டும். அதாவது நியூட்ரலில்தான் செலவு. சிலர் இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். அது இன்னும் கொடுமை: இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, கல்லட்டியில் 36. எங்கே போனாலும் கணக்கு இதுதான். பிரேக்கைத் தடவிக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு பிடி, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். ஆட்டோமேடிக் வண்டி என்றால் டி-யில் அப்படியே விடாமல் எல் அல்லது மேனுவலுக்கு மாற்றிக் கீழ் கியரில் வையுங்கள்.

கேள்வி: நாற்சந்தியில் நேராகப் போவதற்கு நான்கு இண்டிகேட்டரையும் போடுவது சரிதானே? - வாசகர், தஞ்சாவூர்

பதில்: சரியில்லை. உங்கள் இடப்பக்கத்துச் சாலையில் நிற்பவருக்கு உங்கள் இடது விளக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் இடது பக்கம் திரும்புவதாக நினைத்து அவர் வண்டியை எடுத்துவிடுவார். நேராகப் போக எந்த விளக்கும் வேண்டாம். அந்த நான்கு விளக்கும் வண்டி பழுதாகி நிற்கும்போது போடுவதற்கு. மழையில் அதைப் போட்டுக்கொண்டே ஓட்டுவதும் வேண்டாம். நீங்கள் திரும்பப் போவதைப் பின்னால் வருபவருக்கு எப்படிச் சொல்வீர்கள்?

கேள்வி: புதிதாக ஸ்கூட்டர் பழகுகிறேன். முன் பிரேக் பிடித்தால் தூக்கி அடித்துவிடும், தொடாதே என்கிறார் அண்ணன். உண்மையா? - கல்லூரி மாணவி, நாமக்கல்

பதில்: அண்ணன் உங்கள் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார், ஆனால் தப்பாகச் சொல்கிறார் அம்மா. பிரேக் போட்டதும் வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது. பஸ்ஸில் சடன் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோமே, அதேதான். பாரம் ஏறிய சக்கரம்தான் சாலையை நன்றாகப் பிடிக்கும். பின் சக்கரம் லேசாகிவிடுவதால் அதை மட்டும் பிடித்தால் வழுக்கும், நிற்கவும் நேரமாகும். ஆளைத் தூக்கி அடிப்பது முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிப்பதும், ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போதோ மணலிலோ பிடிப்பதும்தான். எலுமிச்சை பிழிகிற மாதிரி, மெதுவாகத் தொடங்கி இறுக்கிக்கொண்டே போங்கள். பின் பிரேக்கும் கூடவே இருக்கட்டும்.

2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையிலான புது வண்டிகளில் சிபிஎஸ் (ஒரு லீவரில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு) அல்லது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் நின்று வழுக்குவதைத் தடுக்கும் அமைப்பு) கட்டாயமாக்கப்பட்டது. சிபிஎஸ் வண்டியில் இடது லீவரைப் பிடித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். ஆனாலும் வலது லீவரை, அதாவது முன் பிரேக்கை, பழகத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், மணல் இல்லாத காலி மைதானத்துக்கு அண்ணனையும் ஒரு சாக்பீஸையும் கூட்டிப் போங்கள். ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வந்து, தரையில் போட்ட ஒரே கோட்டைத் தொட்டதும் ஒரு தடவை பின் பிரேக் மட்டும், இன்னொரு தடவை இரண்டும் பிடியுங்கள். வண்டி நின்ற இடங்களில் அண்ணனைக் கோடு போடச் சொல்லுங்கள். அப்புறம் அவரையே அடி வைத்து அளக்கச் சொல்லுங்கள்.