சிறு குழந்தைக்குத் தீக்காயம்: அடுத்து என்ன வரும் என்று முன்பே சொல்ல முடியுமா?

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை மேல் சுடுகஞ்சி கொட்டி 20 சதவீதம் தீக்காயம். இன்று இரண்டாம் நாள். என்னென்ன சிக்கல் வரும் என்று டாக்டர்களால் இப்போதே சொல்ல முடியாதா?

டெல்டாவில் ஒரு அரசு மருத்துவமனையின் தீக்காய வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்தேன். "பொழச்சுக்குமா சிஸ்டர்?" என்று ராத்திரி டூட்டியில் கேட்காத தாய் கிடையாது. ஒரு காலத்தில் தை, மாசியில் வாசலில் நெல் அவிக்கிற அண்டாவில் விழுந்த பிள்ளைகள் வருவார்கள். இப்போது மில்லிலேயே அவித்துவிடுவதால் அது குறைந்துவிட்டது. கஞ்சி வடிக்கிற பானையும் சாம்பார் குண்டானும் குறையவில்லை.

பெரியவர்களுக்கு வயதையும் சதவீதத்தையும் கூட்டிப் பார்க்கிற ஒரு கணக்கு உண்டு. கூட்டல் ஏற ஏற ஆபத்து. குழந்தைக்கு இது உதவாது, ஒன்றரை வயதைக் கூட்டி என்ன தெரியப்போகிறது? 2012ல் லான்செட் மருத்துவ இதழில் 952 குழந்தைகளை வைத்து ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. 60 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஆபத்து கிடுகிடுவென ஏறுகிறது என்றார்கள். ஆனால் அது எல்லா வசதியும் உள்ள தீக்காய மையத்துக் கணக்கு.

அந்தச் சதவீதமே சரியா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெரியவருக்குத் தலை உடம்பில் 7 சதவீதம், ஒரு வயதுக் குழந்தைக்கு 17. முகமும் நெஞ்சும் வெந்த பத்து கிலோக் குழந்தை ஒன்று வேறொரு இடத்திலிருந்து "14 சதவீதம்" என்று சீட்டோடு வந்தது. பெரியவர்களுக்கான உடம்புப் படத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். குழந்தைகளுக்கான படத்தில் பார்த்தால் 18. கிலோ, சதவீதம், 4 மில்லி மூன்றையும் பெருக்கினால் முதல் 24 மணி நேரத்துக்கு 560க்குப் பதில் 720 மில்லி டிரிப். அதில் பாதி, காயம் பட்ட நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும், ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. அந்தப் பிள்ளை பஸ்ஸிலேயே மூன்று மணி நேரத்தைத் தொலைத்திருந்தது. இந்தக் கணக்கும் ஆரம்பத்துக்குத்தான். அப்புறம் யூரின் பைதான் பேசும். கிலோவுக்கு மணிக்கு ஒரு மில்லி இறங்குகிறதா என்று பார்த்து டிரிப்பைக் கூட்டுவோம், குறைப்போம். சின்ன உடம்பில் சர்க்கரை இருப்பும் குறைவு, சூடும் சீக்கிரம் போய்விடும். அதனால்தான் வார்டில் ஃபேனைப் போடச் சொன்னால் திட்டுவோம்.

உங்கள் குழந்தைக்கு, டிரிப் ஏற்றிச் சமாளிக்கிற முதல் கண்டம் கிட்டத்தட்டத் தாண்டிவிட்டது. இனி கவனிக்க வேண்டியது வேறு. தீக்காயம் பட்ட எல்லாப் பிள்ளைக்கும் காய்ச்சல் அடிக்கும், அதை மட்டும் வைத்துச் சீழ் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. நான் நம்பியது பால் பாட்டிலை. நேற்று வரை அழுது கேட்டுக் குடித்த பிள்ளை இன்று முகத்தைத் திருப்பினால், வயிறு உப்பினால், சும்மா படுத்தே கிடந்தால், பல்ஸ் எண்ணிவிட்டு டாக்டரைக் கூப்பிடுவேன். ரிப்போர்ட் பிறகுதான் வரும்.

இன்னொன்று, இது காயம் சின்னதாக இருந்தாலும் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு. காயத்தில் குடியேறிய கிருமியின் விஷம் ரத்தத்தில் கலப்பதால் வருவது. அதை எதிர்க்கிற சக்தி இந்த வயதில் பெரும்பாலும் உருவாகியிருக்காது. காயம் பார்க்க நன்றாகவே இருக்கும், ஏமாற்றிவிடும். "பல்லு மொளைக்குது, அதான் வயித்தால போகுது" என்று ஒரு பாட்டி என்னிடம் சாதித்தார். நாலு வார்த்தை கடுமையாகப் பேசித்தான் பிள்ளையை மறுபடி அட்மிட் பண்ண வைத்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

முகம், கழுத்து வெந்திருந்தால் தொண்டை கரகரக்கிறதா என்று கேளுங்கள். கஞ்சி கொட்டியதில் இது அபூர்வம், புகையில் மாட்டிய பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

நாளை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் "எத்தனை சதவீதம்" என்று மறுபடி கேட்க வேண்டாம். "மூன்று வாரத்துக்குள் தானாக ஆறுமா, தோல் வைக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். மூன்று வாரத்தைத் தாண்டி ஆறுகிற இடம்தான் பெரும்பாலும் தடித்து, இழுத்துப் பிடிக்கும். கழுத்தில் காயம் இருந்தால் தலையணையை இன்றைக்கே எடுத்துவிடலாமா என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.